இரண்டு சுற்று நார்

என் மாமாவுக்குக் கல்யாணம் செய்து வைத்தது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. இன்றைக்கும் வீட்டு விசேஷத்தில் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். புதிதாக வந்தவர்களிடம் என்னைக் காட்டி, இவள் கை ராசியான கை என்பார்கள். நானும் சிரித்துவிட்டு, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன்.

திருமயத்திலிருந்து ஐந்து மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா குவைத்தில் இருந்ததால் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். வீட்டில் தாத்தா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் என்று நாலே பேர். தெருவில் என் வயதுக்கு இருந்தது ஐந்து பையன்கள். ஏழு வயது வரை அவர்களோடு கண்மாய்க் கரையில் புரண்டுகொண்டிருந்தேன். ஒருநாள் தாத்தா கூப்பிட்டு, பொம்பளைப் பிள்ளைக்கு ஆம்பளைப் பிள்ளைகளோடு இனி என்ன விளையாட்டு என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர்கள் சத்தம் மட்டும் கொல்லைக்குக் கேட்கும். நான் கொல்லையில் உட்கார்ந்து, யார் அவுட் ஆனது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

மிச்சம் இருந்த ஒரே கூட்டாளி மாமாதான். திருமயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் அவருக்கு வேலை. சாயங்காலம் வந்ததும் மிஞ்சிய செம்புக் கம்பியில் எனக்கு மோதிரம், மாடு, நாற்காலி என்று ஏதாவது முறுக்கித் தருவார். முரட்டு மீசை. கபடியில் அவர் கால் பிடித்தால் எழுந்து போனவன் கிடையாது என்று தாத்தா ஊரெல்லாம் சொல்லுவார். அப்படிப்பட்ட ஆள் முப்பது வயதாகியும் கல்யாணம் வேண்டாம் என்றதுதான் வீட்டுக்குப் பிடிபடவில்லை. ஒரு பெண் உயரம், ஒரு பெண் படிப்பு ஜாஸ்தி, ஒரு பெண்ணின் அண்ணன்மார் சரியில்லை என்று அவரும் வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எவளோ ஒருத்தி இருக்கிறாள். வேறு சாதிக்காரியாக இருப்பாள், அதனால்தான் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா என்னைச் சைக்கிளில் வைத்துத் திருமயம் கூட்டிப்போவார். அம்மா எனக்குத் தலை பின்னும்போதே வேலையையும் சொல்லி அனுப்புவாள். கடைக்குப் பொம்பளைகள் யாராவது வருகிறார்களா, மாமா யாரோடு சிரித்துப் பேசுகிறார் என்றெல்லாம் பார்த்து வர வேண்டும். நான் வேவு பார்ப்பதில் கெட்டிக்காரி. ஒன்று விடாமல் வந்து ஒப்பிப்பேன். பொம்பளை யாரும் இல்லை, போட்டோ மாமா மட்டும்தான் என்பேன். அம்மா மூச்சை விட்டுவிட்டு, அந்தத் தம்பி நல்ல பையன் என்பாள்.

போட்டோ மாமா என்பது மாமாவின் சிநேகிதர். காயில் கடைக்கு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். எங்கள் பக்கம் முறை சொல்லிக் கூப்பிடாமல் ஒரு ஆளை வீட்டுக்குள் விடமாட்டார்கள். மாமாவின் சிநேகிதர் ஆகையால் அவரும் மாமா ஆகிவிட்டார். அதற்கு மேல் அவர் யார் என்று யோசிக்க யாருக்கும் அவசியம் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் இரண்டு நிமிஷம் பேசினால் ஊரே திரும்பிப் பார்க்கும். இவர்கள் இருவரும் வெயில் நேரத்தில் ஸ்டூடியோவில் ஒரே பாயில் படுத்துத் தூங்குவார்கள். நான் பக்கத்தில் பழைய நெகட்டிவ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில் மொட்டையடித்த குழந்தைகளும் மணப்பெண்களும் இருந்த வரிசையில் மாமாவின் போட்டோவும் ஒன்று இருந்தது. அதைப் பற்றியும் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பெருமைதான்.

தாத்தா இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு தடவை போட்டோ மாமா வீட்டுக்கு வந்தபோது நாட்டுக்கோழி அடித்துப் போட்டு, சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“தம்பி, நான் சொன்னா அவன் காதுல ஏறாது. நீங்க சொன்னா கேப்பான். ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைங்க” என்றார்.

போட்டோ மாமா கையில் வெற்றிலையை வைத்துக்கொண்டு, மடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சொல்றேங்கய்யா” என்றார்.

இந்த இடத்தில் நான் சிரிக்கக் கூடாது. நான் இப்போது திருச்சியில் ஒரு தோழியோடு வீடெடுத்து இருக்கிறேன். ஆறு வருஷமாகிறது. எனக்கு வயது முப்பத்தொன்று. அம்மா போன மாதம் அவளுக்குத்தான் போன் போட்டாள். என் மகள் எதுக்கும் பிடி கொடுக்கமாட்டேங்கிறாள், நீயாவது புத்தி சொல்லு ஆத்தா என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறாள். என் தோழி, சொல்றேம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா எங்கே எவன் இருக்கிறான் என்று இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பழைய கதைக்கு வருகிறேன். புரட்டாசி முடிந்த சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு அட்டைக் கார் உண்டு. முன்பக்கம் மட்டும் கார், பின்பக்கம் குச்சி. அதற்குப் பின்னால் உட்கார்ந்து நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் இருப்பதை மறந்துவிட்டு இருவரும் பேசினார்கள்.

“திருப்பூர்ல ஒரு எடம் பாத்துருக்கேன்டா. கீழ ஒனக்குக் காயில் கடை, மேல நமக்கு ரூமு. தை மாசம் போயிருவோமா?” என்றார் போட்டோ மாமா.

மாமா பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினார். பிறகு, “போயிருவோம்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். குவைத்துக்குப் போன அப்பா இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார். திருப்பூருக்குப் போகிறவர்கள் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து இதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம். அதற்குப் பதில், மாமா எப்போதும் நம் வீட்டிலேயே இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, “கால்கட்டு ஒண்ணப் போட்டுட்டா எங்கிட்டும் போக மாட்டான். இங்கிட்டே கெடப்பான்” என்றாள்.

அதற்கு இரண்டு வாரத்தில் அன்னவாசல் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தியது. மாமா வழக்கம்போல இழுத்தார். தாத்தாவுக்கு அலுத்துவிட்டது. இந்தத் தடவை சாமியிடம் விட்டுவிடுவோம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். எல்லாரும் ஆச்சரியப்படும்படி மாமா உடனே சரி என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது பெரிய காரியமில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி கட்டிக் குலசாமி காலடியில் வைத்து, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டு வழக்கத்தில் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்கிற பிள்ளை விவரம் தெரியாத பிள்ளையாக இருக்க வேண்டும். வீட்டில் அந்தத் தகுதி எனக்குத்தான் இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் மாமா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“பாப்பா, காலைல அம்மா பொட்டலம் கட்டும்போது கூடவே இரு. செவப்பு எதுல இருக்குன்னு நல்லாப் பாத்துக்க. அதத்தான் எடுக்கணும். எடுத்தேன்னா ரோஸ் மில்க் வாங்கித் தாரேன். அட்டைக் கார்ல போட்டோவும் எடுப்போம்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டவர்களும் பதிலைத் தாங்களே வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். சொல்லும்போது மாமாவின் குரல் விளையாட்டாக இருந்தது. டயர் கல்லாக இறுகிய பிறகும் காற்றடித்துக்கொண்டே இருந்தார். காற்று இறங்குகிற டயர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் அம்மா குளித்து, ஈரத் தலையோடு அடுப்படியில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். வாழை இலையைச் சதுரமாகக் கிழித்து, ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. செவ்வரளியை மடிக்கும்போது இலை ஓரத்தில் லேசாகக் கிழிந்தது. வேறு இலை வெட்ட எழுந்து போகச் சோம்பல்பட்டு, அந்தப் பொட்டலத்துக்கு மட்டும் நாரை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். பார்த்துக்கொண்டேன்.

அய்யனார் கோயிலில் அன்று எங்களைத் தவிர ஆளில்லை. பூசை செய்யும் வேளார் இரண்டு பொட்டலங்களையும் சாமி காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். “வா ஆத்தா, சாமியக் கும்புட்டு ஒண்ண எடு” என்றார். அம்மாவும் தாத்தாவும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். மாமா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தே நின்றார். அவர் சாமியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

இரண்டு சுற்று நார் இடது பக்கம் இருந்தது. கை அதற்குத்தான் முதலில் போனது. ரோஸ் மில்க் ஞாபகம் வந்தது. கூடவே தை மாசமும் வந்தது. மேல நமக்கு ரூமு என்று சொன்னது வந்தது. கொல்லையில் தனியாக உட்கார்ந்து பையன்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது வந்தது. கையை நகர்த்தி மற்றதை எடுத்தேன்.

வேளார் பிரித்தார். வெள்ளை அரளி. அம்மா குலவை போட்டாள். தாத்தா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா குனிந்து திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

அன்று சாயங்காலமே மாமா என்னைத் திருமயம் கூட்டிப்போனார். எதிர்பார்க்கவே இல்லை. சொன்னதைச் செய்யாதவளுக்கு ரோஸ் மில்க் எப்படி உண்டு என்று குழப்பமாக இருந்தது. ஸ்டூடியோவில் போட்டோ மாமா எழுந்து நின்றார். மாமா, “வெள்ளை” என்றார்.

போட்டோ மாமா செருப்பை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். எதிர்க் கடைக்குப் போய் ரோஸ் மில்க் வாங்கி வந்து கண்ணாடித் தம்ளரில் ஊற்றித் தந்தார். நான் பெருமையாக, “நான்தான் எடுத்தேன்” என்றேன். “கெட்டிக்காரிதான்” என்றார். அட்டைக் கார் ஆடிக்கொண்டே இருந்ததால் மாமா பின்னால் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டார். கேமராவில் கண்ணை வைத்த போட்டோ மாமா வெகுநேரம் தலையை நிமிர்த்தவே இல்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வாய் வலித்துவிட்டது. போட்டோ எடுத்து முடித்ததும் தம்ளரைக் கழுவி வருகிறேன் என்று உள்ளே போனார். ஒரு தம்ளரைக் கழுவ இவ்வளவு நேரமா என்று நினைத்தேன். வந்தபோது முகத்தையும் கழுவியிருந்தார்.

கல்யாணம் கார்த்திகையில் நடந்தது. போட்டோவும் அவர்தான் எடுத்தார். வேறு ஆளை வைத்தால் நன்றாக இருக்காது என்று தாத்தா சொல்லிவிட்டார். மணவறையில் மாமாவும் அத்தையும் ஒரு முழம் தள்ளி நின்றார்கள். போட்டோ மாமா கேமராவை இறக்கிவிட்டு, “மாப்பிள்ளை, கொஞ்சம் நெருங்கி நில்லுங்க” என்றார். வாடா போடா என்று பேசிக்கொண்டவர்கள். கல்யாணம் ஆனால் சிநேகிதர்களுக்குள்ளும் மரியாதை கூடிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆல்பம் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஊரே அதில் இருக்கிறது, அவர் ஒருவரைத் தவிர.

தை மாசம் அவர் மட்டும் திருப்பூர் போனார். ஸ்டூடியோ இருந்த மாடியில் டியூஷன் சென்டர் வந்தது. மாமாவின் கால்கட்டு ஒன்பது மாதம் தாங்கியது. பிறகு அப்பா விசா ஏற்பாடு செய்ய, அவரும் குவைத்துக்குப் போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஒரு மாதம் இருப்பார். சோப்பும் தைலமும் பங்கு வைப்பார். செம்புக் கம்பி முறுக்குவதை விட்டுவிட்டார். நானும் கேட்கிற வயதைத் தாண்டிவிட்டேன்.

அத்தை நல்லவள். மாமா போன பிறகு என் பாயில்தான் படுத்துக்கொண்டாள். எனக்குத் துணை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். விளக்கை அணைத்த பிறகு, ஒங்க மாமாவுக்கு என்ன புடிக்கும் பாப்பா என்று கேட்பாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லுவேன். கருவாட்டுக் குழம்பு, கபடி, மோட்டார் ஓடுகிற சத்தம். இன்னும் சொல்லு என்பாள். சொல்ல வேறொன்றும் இருக்காது. நான் ஏதாவது தப்பு செய்தேனா என்று ஒரு தடவை என்னிடமே கேட்டாள். எட்டும் ஒன்றும் ஒன்பது வயதுக்காரி நான், இல்லையே அத்தை என்றேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். ரோஸ் மில்க் குடித்துவிட்டுத் திரும்பிய அந்தச் சாயங்காலம். சைக்கிளின் முன்பாரில் உட்கார்ந்திருந்தேன், அதனால் மாமாவின் முகம் தெரியவில்லை. திருமயம் கோட்டைக்கு அந்தப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் மாமா மெதுவாகக் கேட்டார்.

“பாப்பா, செவப்பு எதுல இருந்துச்சுன்னு பாத்தியா?”

பார்த்தேன் என்றால் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார். திருப்பூர் விஷயத்தை ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். கோபித்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிவராமல் விட்டுவிடுவார்.

“இல்ல மாமா. அம்மா மறைச்சுக் கட்டிருச்சு.”

அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். சைக்கிள் தானாகக் கொஞ்ச தூரம் ஓடியது.

“அப்ப சாமியேதான் குடுத்துருக்கு” என்றார். “சரி ஆத்தா. அதுக்கு மேல நாம என்ன செய்ய?”

பிறகு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். அவருக்குக் கோபமில்லை என்று தெரிந்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. கைப்பிடியில் இருந்த மணியை இரண்டு தடவை அடித்தேன். அய்யனார்மேல் மாமாவுக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கொடுத்தது சாமியில்லை, கொல்லையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அந்த இடத்திலேயே சைக்கிளைத் திருப்பியிருப்பார் என்பதும் தெரியாது. நாங்கள் இன்னும் கோட்டையைக்கூடத் தாண்டவில்லை. ஸ்டூடியோ எட்டு மணி வரைக்கும் திறந்துதான் இருக்கும்.